பட்டன்களை ஒளித்து வைத்த வாரம்

எங்கள் அம்மாவின் கை ஒரு மாதமாக வெறும் சுவரில் சுவிட்ச் தேடிக்கொண்டிருந்தது.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பதிமூன்று வருடம் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தவள். அப்பாவுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் எல்லா வீடும் ஒரே அச்சு. வாசலில் நுழைந்தால் இடது பக்கம், தோள் உயரத்தில் சுவிட்ச். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், எதிர் பிளாக் மூன்றாவது மாடியிலும் அப்படித்தான். ஒரு நாள் நான் அவசரத்தில் வேறு யார் வீட்டுக்குள்ளேயோ போய், விளக்கைப் போட்டு, பையை மாட்டி, தண்ணீர் குடித்த பிறகுதான் அது எங்கள் வீடு இல்லை என்று கண்டுபிடித்தேன். அந்த வீட்டு ஆன்ட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவரும் எங்கள் வீட்டுக்குள் அப்படி இரண்டு தடவை வந்திருக்கிறார்.

இப்போது நூம்பலில் சொந்த ஃபிளாட். கட்டியவருக்கு என்ன தோன்றியதோ, ஹால் சுவிட்ச் வலது பக்கம், சமையலறை சுவிட்ச் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால். அம்மா இடது பக்கச் சுவரைத் தடவு தடவு என்று தடவுவாள். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு வலது பக்கம் போவாள்.

அம்மா எதையும் இடத்தை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வாள். மிளகாய்த் தூள் எங்கே என்று கேட்டால், "மேல் தட்டு, மூணாவது" என்பாள். டப்பா என்ன நிறம் என்று கேட்டால் முழிப்பாள். கம்ப்யூட்டரையும் அப்படியே படித்துவிட்டாள். அங்கேதான் வந்தது வினை.

என் பெயர் அகல்யா. ஆறாம் வகுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இருக்கட்டும். இந்தக் கதையில் அதற்காக நான் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் செய்கிறேன்.

அம்மா கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாதம் படித்தாள். நான் பள்ளிக்குப் போன பிறகு போவாள், நான் வருவதற்குள் வந்துவிடுவாள். அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தாள். அதில் மணி மணியான கையெழுத்தில் இப்படி எழுதியிருக்கும்: "எழுத்தைத் தடியாக்க: இரண்டாவது வரிசை, இடமிருந்து முதல் படம். அடியில் கோடு போட: அதே வரிசை, மூன்றாவது படம்." மொத்தம் நாற்பத்திரண்டு பக்கம். சாம்பாருக்குத் தாளிக்கும்போது அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

வேலைக்குப் போக வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. குவார்ட்டர்ஸில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் எழுதித் தந்தது அம்மாதான். ரேஷன் கார்டில் பெயர் மாற்றமா, பள்ளியில் டி.சி. வாங்கணுமா, "புஷ்பாகிட்ட போங்க" என்பார்கள்.

"ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தாச்சு. எனக்குன்னு ஒரு மேஜை போட்டு உக்காரணும்டி" என்று அம்மா ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போன மாதம் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் தேர்வு எழுதப் போனாள். அங்கே திரை வேறு மாதிரி இருந்ததாம். அம்மா படித்த இரண்டாவது வரிசையே அதில் இல்லையாம். இருபது நிமிடம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னாள். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"எதுவும் அந்தந்த எடத்துல இல்லடி."

அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மாவின் போன் அடித்தது. கரையான்சாவடியில் உள்ள ஒரு கண் ஆஸ்பத்திரியிலிருந்து வெங்கட் என்பவர் பேசினார். அலுவலக வேலைக்கு அம்மா அனுப்பிய விண்ணப்பம் கிடைத்ததாம். சனிக்கிழமை பத்து மணிக்குத் தேர்வாம். அம்மா தலையைத் தலையை ஆட்டினாள். போனில் தலை ஆட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்? கடைசியில் அவர் என்னவோ கேட்க, அம்மா, "பரவாயில்ல சார், பரவாயில்ல சார்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"லினக்ஸ்னா என்னடி?"

"அதுவா? எங்க ஸ்கூல் லேப்ல எல்லாமே லினக்ஸ்தான்மா."

"லிப்ரே ஆபீஸ்னா?"

"அதுவும் எங்க லேப்ல இருக்கு. நான் அதுலதான் பிறந்தநாள் கார்டு பண்ணேன்."

அம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அங்கே எல்லாக் கம்ப்யூட்டரும் இதுதானாம். தெரியுமா என்று அவர் கேட்டதற்கு அம்மா பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள். எது பரவாயில்லை என்று அவளுக்கே தெரியவில்லை.

"இதுவும் இல்லன்னா அவ்வளவுதான் அகல்யா. இனிமே யார் முன்னாடியும் போய் உக்கார மாட்டேன். வேலைன்ற பேச்சையே எடுக்க மாட்டேன்."

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அம்மா ஒன்றை விட்டால் விட்டதுதான். எனக்குத் திக்கென்றது.

மறுநாள் எங்கள் கம்ப்யூட்டர் ஆசிரியை வித்யா டீச்சரிடம் போய் நின்றேன். அவர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரையே ஓட்டுவது. எங்கள் வீட்டு லேப்டாப்பை ஓட்டுவது விண்டோஸ். லிப்ரே ஆபீஸ் என்பது கடிதம் எழுத, கட்டம் போட. அது இரண்டிலுமே ஓடும். காசும் கிடையாது. பல ஊர்களில் இருக்கிறவர்கள் சேர்ந்து செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே அப்பாவின் பழைய லேப்டாப்பில் அதை இறக்கினோம். அந்த லேப்டாப் என்னைவிட ஒரு வயதுதான் சின்னது. எதைச் சொன்னாலும் யோசித்துத்தான் செய்யும். அம்மா பட்டனை அமுக்கினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினாள். அப்புறம் அமுக்கு அமுக்கு என்று அமுக்கினாள். ஒரு நிமிடம் கழித்து ஏழு வெள்ளைப் பக்கங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது. அதன் விசிறி மட்டும் கர்ரென்று கத்தியது.

"ஒரு தடவைதாம்மா அமுக்கணும். ஏழு தடவ கூப்டா ஏழு பேர் வருவாங்க. இதுக்குக்கூட அறிவு வேணாமா?" என்று நான் கத்தினேன்.

சொன்னேன் இல்லையா, வாய் அதிகம் என்று? அம்மா மௌஸிலிருந்து கையை எடுத்தாள். அப்பாதான் என்னைப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையிலேயே எனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. நான் அம்மாவிடம் ஸாரி சொன்னேன். ஒரு தடவை அமுக்கிவிட்டு, திறக்கும்வரை கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். அம்மா அதற்குள் அரிசி களைந்து வைத்துவிட்டு வந்தாள். நிதானமாகப் பக்கம் ஒன்றே ஒன்று திறந்திருந்தது. இரண்டாவது தடவை திறந்தபோது அத்தனை நேரம்கூட ஆகவில்லை.

பக்கம் திறந்தது சரி. அதில் அம்மாவின் நாற்பத்திரண்டு பக்க நோட்டு ஒன்றுக்கும் உதவவில்லை.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரிய மூளைக்காரி என்று நினைப்பு. புதன்கிழமை மதிய இடைவேளையில் லேபில் உட்கார்ந்து புது நோட்டு ஒன்று எழுதினேன். எந்தப் படம் எந்த வரிசை, எத்தனையாவது, என்ன நிறம், எல்லாம் எழுதினேன். பதினோரு பக்கம் வந்தது. தயிர்சாதம் அப்படியே திரும்பி வந்தது. வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்ததும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ராத்திரிக்குள் பாதி மனப்பாடம், காலையில் இட்லி ஊற்றும்போது மீதி.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா லேப்டாப்பைத் திறந்தாள். நோட்டில் ஆறாவது என்று எழுதியிருந்த படம் ஒன்பதாவதாக இருந்தது. நீலம் என்று எழுதியிருந்தது சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒரு படம் ஆளே இல்லை. லேபில் இருந்தது ஒரு தோற்றம், எங்கள் லேப்டாப்பில் வேறு தோற்றம். பெயர் ஒன்றுதான், உள்ளே வேலையும் ஒன்றுதான். நான் எழுதியது வெறும் தோற்றத்தை.

ஆஸ்பத்திரியில் எந்தத் தோற்றமோ, அது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அம்மா நோட்டை மூடினாள். "என்னால ஆகாதுடி. சனிக்கிழம போகல" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எழுந்து டீ போடப் போய்விட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அம்மா மேலா, லேப்டாப் மேலா, என் நோட்டு மேலா என்று தெரியவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மாவின் பின்னாலேயே போனேன்.

அம்மா சமையலறை வாசலில் நின்று இடது பக்கச் சுவரைத் தடவினாள். அப்புறம் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டு விளக்கைப் போட்டாள். எப்போதும் நடப்பதுதான். ஆனால் அன்று நான் கேட்டேன்.

"நம்ம இங்க வந்த மொத நாள், அந்த சுவிட்ச் எங்கன்னு உனக்கு யார் சொன்னாங்க?"

"யார் சொல்லணும்? தேடினேன்."

"எப்படித் தேடின?"

அம்மாவுக்கு எரிச்சல். "கிச்சன் லைட்டுக்கு சுவிட்ச் கிச்சன்லதானடி இருக்கும்? தெருவுலயா இருக்கும்? கதவு பக்கம் பார்த்தேன், இல்ல. ஃப்ரிட்ஜ் பக்கம் பார்த்தேன், இருந்தது. இத போய்க் கேக்கற."

நான் ஹாலுக்கு ஓடினேன். டீ கொதித்து வடிகட்டுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். லிப்ரே ஆபீஸில் "வியூ" என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே போனால் மேலே தெரிகிற பட்டன் வரிசைகளை ஒவ்வொன்றாக மறைக்கலாம். மறைத்தேன். ஒரு படம்கூட மிச்சம் வைக்கவில்லை.

அம்மா டீயோடு வந்து திரையைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, எல்லாம் எங்கடி போச்சு?"

"ஒளிச்சு வெச்சிருக்கேன். கண்டுபிடி."

"சும்மா இரு அகல்யா, எனக்கு விளையாட நேரமில்ல."

"சனிக்கிழமதான் போகலையே. நேரம் நிறைய இருக்கு."

அம்மா என்னை முறைத்தாள். நான் டீயைக் குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா மௌஸைப் பிடித்தாள். பட்டன்கள் இல்லை. ஆனால் மேலே பெயர்கள் மட்டும் ஒரு வரிசையில் இருந்தன. நான் வாய் திறக்கவில்லை. அது எனக்கு எத்தனை கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு பெயராகத் திறந்தாள். எழுத்து சமாச்சாரம் "ஃபார்மேட்"டில் இருந்தது. கட்டம் "டேபிள்" என்ற பெயரில் இருந்தது. அச்சடிப்பது "ஃபைல்" என்பதற்குள் இருந்தது. பட்டன்களைத் திரும்பக் கொண்டுவரும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பதினோரு நிமிடம் ஆனது. எல்லாம் திரும்ப வந்ததும் அம்மா திரையைத் தட்டிக் காட்டினாள்.

"தோ பார், வந்துடுச்சு."

"இன்னொரு தடவ?"

"வை பார்க்கலாம்" என்றாள் அம்மா.

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது. அம்மா பால் வாங்கப் போனால் ஒளிப்பேன். துணி எடுக்க மாடிக்குப் போனால் ஒளிப்பேன். ஒரு தடவை மொத்தத் தோற்றத்தையே வேறு மாதிரி மாற்றிவிட்டேன். பெயர் வரிசைகூட மறைந்து, எல்லாம் பெரிய பெரிய பட்டன்களாகிவிட்டன. அம்மா வந்து பார்த்தாள். "இது அம்பத்தூர்ல பார்த்த மூஞ்சி" என்றாள். நான் பயந்துபோனேன். ஆனால் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான்கு நிமிடத்தில் தடித்த எழுத்து, கட்டம், அச்சு மூன்றையும் கண்டுபிடித்துவிட்டாள்.

வேலைவிட்டு வந்த அப்பாவுக்கும் ஆசை வந்துவிட்டது. அவருக்கு இந்த வியூ, டேபிள் எதுவும் தெரியாது. அம்மா முகம் கழுவப் போன நேரத்தில் அவர் மௌஸைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா திரும்பி வந்து மேஜையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மௌஸைத் தேடாமல் அப்படியே உட்கார்ந்தாள். வித்யா டீச்சர் எனக்குச் சொன்னதை நான் அம்மாவிடம் சொன்னேன். கண்ட்ரோலோடு பி-யை அமுக்கினால் எழுத்து தடிக்கும். எஸ் அமுக்கினால் சேமிக்கும். பி அமுக்கினால் அச்சடிக்கும். ஒரே பி-யை எப்படி இரண்டுக்கும் வைக்க முடியும் என்று அம்மா மடக்கினாள். பி.ஓ.எல்.டி. போல்டுக்கு பி, அச்சுக்கு வேறு பி, அதாவது பிரிண்டுக்கான பி என்று நான் ஆங்கில எழுத்தை எழுதிக் காட்டினேன். அது வீட்டு லேப்டாப்பிலும் அதேதான், லேபிலும் அதேதான். அம்மா அன்று மௌஸே இல்லாமல் அரைப் பக்கக் கடிதம் எழுதி முடித்தாள். அப்புறம் அப்பாவைத்தான் அரிசி புடைக்க வைத்தாள்.

வெள்ளிக்கிழமை படுக்கப் போகும்போது, சனிக்கிழமை போவதா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் மெரூன் புடவை இஸ்திரி போட்டுத் தயாராக நாற்காலியில் தொங்கியது. நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அப்பாவுக்கு ஓவர்டைம். அதனால் அம்மாவும் நானும் வேலப்பன்சாவடி வரை நடந்து, பஸ் பிடித்துக் கரையான்சாவடியில் இறங்கினோம். பஸ்ஸில் அம்மா ஒன்றும் ஒப்பிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். சட்டையில் நடேசன் என்று எழுதியிருந்தது.

"இன்னா பாப்பா, யாருக்குக் கண்ணு?"

யாருக்கும் இல்லை, அம்மாவுக்குத் தேர்வு என்றேன். அவர் என்னைத் தன் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்தார். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடிக் கதவு. கதவுக்குப் பின்னால் ஏழு கம்ப்யூட்டர், ஏழு பேர். அம்மா கடைசி இடத்தில் இருந்தாள். வெங்கட் சார் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தக் கம்ப்யூட்டர்களும் எங்கள் லேப்டாப்பின் வயதுதான் இருக்கும். நீலச் சட்டை அண்ணன் ஒருவர் மௌஸை டக்கு டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தார். அவர் திரையில் பக்கத்துக்கு மேல் பக்கமாக வந்து விழுந்து, கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. வெங்கட் சார் வந்து அதை அணைத்துப் போட்டார். தோளில் லேப்டாப் பை மாட்டிய ஓர் அக்கா பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். தான் படித்தது எதுவுமே உள்ளே இல்லை என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டே போனார்.

அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அம்பத்தூர் ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து வந்துவிடாதே அம்மா, எழுந்து வந்துவிடாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"உங்கம்மா இன்னாத்துக்கு சும்மா குந்திகினு கீது?" என்றார் நடேசன் மாமா. "மத்தவங்கல்லாம் அடிச்சிகினு கீறாங்களே."

அப்போது அம்மாவின் திரையில் பக்கம் திறந்தது. ஒன்றே ஒன்று. அம்மா கையை மடியிலிருந்து எடுத்தாள்.

"தெறக்கறதுக்காகக் காத்துட்டிருந்தாங்க மாமா" என்றேன். எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு அம்மா நிறுத்தவில்லை. ஒரு பெயரைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், அடுத்ததைத் திறப்பாள். தட்டச்சு செய்வாள். பாதியில் தாளை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். படித்துவிட்டுக் கதவுக்கு வெளியே பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வரிசையில் கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

வெங்கட் சார் வந்தார். அம்மா என்னவோ கேட்டாள். அவர் காதைச் சொறிந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். வெளியே போய், ரேவதி டாக்டர் என்று பலகை மாட்டிய அறைக்குள் நுழைந்து, திரும்பி வந்து அம்மாவிடம் தலையாட்டினார். மற்றவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நகத்தைக் கடித்துக் கடித்துக் கட்டைவிரலில் ரத்தம் வந்துவிட்டது.

நேரம் முடிந்ததும் எல்லோரும் வெளியே வந்தார்கள். அம்மாவின் நெற்றியெல்லாம் வேர்வை.

"என்னம்மா கேட்ட அவர்கிட்ட?"

அம்மா சொன்னாள். தட்டச்சு செய்யக் கொடுத்தது, கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கான அறிவிப்பாம். என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று பன்னிரண்டு வரி. தாளில் எழுத்து எறும்பு மாதிரி இருந்ததாம்.

"சார், இதக் கண்ணு ஆபரேஷன் பண்ணவங்கதான படிக்கணும்? எழுத்தப் பெருசா போடலாமான்னு கேட்டேன். அவர் டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து, போடுங்கன்னார்."

மொத்தத்தையும் பெரிதாக்கியதும் இரண்டு பக்கமாக நீண்டுவிட்டதாம். சுவரில் ஒட்டுவதாக இருந்தால் ஒரே பக்கம் வேண்டுமே என்று, பக்கத்தின் ஓரங்களைக் குறைக்கும் இடத்தைத் தேடினாளாம். அது எங்கே இருக்கிறது என்று நான் சொல்லித் தந்ததே இல்லை. எனக்கே தெரியாது.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"பக்கத்தப் பத்தின விஷயம் பக்கம்ற பேர்லதான இருக்கும்? மூணு எடம் பார்த்தேன், நாலாவதுல இருந்தது" என்றாள்.

எனக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டேன். புடவை கசங்கும் என்று அம்மா சொல்லவில்லை.

அரை மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் அறைக் கதவு திறந்தது. வெங்கட் சார் கையில் ஒரு தாளும் ஒட்டுகிற டேப்பும் எடுத்துக்கொண்டு வந்தார். நேராக வாட்ச்மேன் நாற்காலிக்கு மேலே சுவரில் தாளை வைத்து, நான்கு மூலையிலும் ஒட்டினார். பெரிய பெரிய எழுத்து. பெஞ்சில் இருந்தே படிக்கலாம்.

அம்மா என் கையைப் பிடித்தாள். அது அவள் அடித்தது.

வெங்கட் சார் திரும்பி, "திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுங்கம்மா. உங்க மேஜை உள்ள ரெண்டாவது ரூம்ல" என்றார். அம்மா தலையைத் தலையை ஆட்டினாள். இந்தத் தடவை அவருக்குத் தெரிந்தது.

அப்போது பச்சைத் துணி கட்டிய ஒரு பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். எப்போது தலைக்குக் குளிக்கலாம் என்று நடேசன் மாமாவிடம் கேட்டார். நடேசன் மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, சுவரைக் காட்டினார்.

"தோ, ஒட்டிக்கீது பாரு பெரீவரே. நீயே பட்சிக்கோ."

பெரியவர் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தாளுக்கு முன்னால் நின்றார். எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். ஒரு வாரம் தலைக்குக் குளிக்கக் கூடாது என்ற வரி வந்ததும், "ஒரு வாரமா?" என்று தாளைப் பார்த்தே சண்டைக்குப் போனார். நடேசன் மாமா சிரித்துவிட்டார். பெரியவர் விடவில்லை. கண்ணைக் கசக்கக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது என்று அடுத்தடுத்த வரிகளையும் படித்துக்கொண்டே போனார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் அம்மாவின் கையை இழுத்தேன். பன்னிரண்டாவது வரியை அவர் படித்து முடிக்கும்வரை அம்மா அங்கிருந்து நகரவே இல்லை.